முதல் தவறு யார் உடலில்?

1967ஆம் ஆண்டுக்குப் பிறகு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டருக்குள் புதிய ஆட்கள் சிலர் வந்து நிற்கத் தொடங்கினார்கள். மருத்துவ மாணவர்களும் இல்லை, செவிலியர்களும் இல்லை. நகரின் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியைச் சேர்ந்த கறுப்பின ஆண்கள். பலருக்கு அதுவரை நிலையான வேலை கிடையாது. சிலர் வியட்நாம் போர்முனையிலிருந்து திரும்பியவர்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் இருந்தார்கள். மயக்க மருந்தின் பிடியில் மல்லாந்து கிடக்கும் நோயாளியின் தலைமாட்டில் இவர்களை நிறுத்தி, தாடையைத் தூக்கிப் பிடி, முகமூடியைக் காற்று கசியாமல் அழுத்து, பையைப் பிழி, நெஞ்சு உயர்கிறதா பார் என்று கற்றுக்கொடுத்தார்கள். கற்பித்தவர்களின் தலைவர் பீட்டர் சஃபார், வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மயக்கவியல் நிபுணர். ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை என்று பெயர்பெற்ற அந்த முயற்சியைப் பற்றி எழுதுபவர்கள் இன வரலாற்றின் பக்கமிருந்தே பெரும்பாலும் எழுதுகிறார்கள். அது நியாயமும்கூட. எனக்கோ அந்தத் தியேட்டர் கதவுதான் திரும்பத் திரும்ப நினைவில் நிற்கிறது. அதை யார் திறந்துவிட்டார், யாருக்காகத் திறந்தார் என்பதில் ஒரு தொழிலின் கல்விமுறையே அடங்கியிருக்கிறது.

அன்றைய ஆம்புலன்ஸ் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். 1966இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறக்குறைய பாதியைச் சவ அடக்கத் தொழில் செய்பவர்களே நடத்துகிறார்கள் என்று அதில் இருந்தது. காரணம் எளிது: ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் நீளத்தில் அவர்களிடம்தான் வண்டி இருந்தது. பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் அவர்களுக்கு ஒரு சவாரி உறுதி. பிட்ஸ்பர்க்கில் இந்த வேலை போலீசாரின் கையில் இருந்தது. நோயாளியை வண்டியின் பின்னால் ஏற்றிவிட்டுப் போலீசார் இருவரும் முன்னால் உட்கார்ந்து ஓட்டிச் செல்வார்கள். பின்னால் மூச்சு நின்றால் யாருக்கும் தெரியாது.

அதே 1966இல் சஃபாரின் மகள் எலிசபெத் ஆஸ்துமா தாக்குதலில் இறந்தாள். வயது 11. அந்த நவம்பரில் பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்ஸ் தேர்தல் கூட்ட மேடையில் சரிந்து விழுந்தார். மருத்துவமனைக்கு வந்துசேரும்போது மூளை சேதமடைந்துவிட்டது. சில வாரங்களில் இறந்தார். ஆளுநராக இருந்தவருக்கே அந்த வண்டிதான். ஃபால்க் மருத்துவ நிதியத்தின் ஃபில் ஹாலன், ஹில் டிஸ்ட்ரிக்டின் ஃப்ரீடம் ஹவுஸ் அமைப்பு, சஃபார் ஆகிய மூன்று கைகள் சேர்ந்தபோது ஒரு பாடத்திட்டம் உருவானது. சுமார் 300 மணி நேரம்: உடற்கூறு, உடலியங்கியல், நெஞ்சழுத்தம், முதலுதவி, செவிலியப் பணி, வண்டி ஓட்டுவது. மருத்துவமனையின் பல பிரிவுகளில் நின்று கற்பதும் இதில் சேரும். முதலாண்டில் மட்டும் ஏறக்குறைய 5,800 அழைப்புகளுக்கு ஓடி, 4,600க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்களில் 200 பேர் இந்தச் சேவையால் உயிர் பிழைத்தவர்கள் என்பது சஃபாரின் கணக்கு.

சஃபாருக்கு இந்தத் துணிச்சல் திடீரென்று வந்ததில்லை. மூச்சு நின்றவரைக் குப்புறப் போட்டு முதுகை அழுத்துவதும் கையைத் தூக்கி இறக்குவதும்தான் 1950களின் இறுதிவரை முதலுதவி நூல்கள் சொன்ன வழி. பால்டிமோர் நகர மருத்துவமனையில் இருந்தபோது சஃபார் அதைச் சோதித்துப் பார்த்தார். சோதனைக்குத் தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். தூக்க மருந்து கொடுத்து, குராரே செலுத்தி, தசைகளை முழுக்கச் செயலிழக்கச் செய்த பிறகு அவர்களால் தாமாக மூச்சுவிட முடியாது. முன்பின் பயிற்சியில்லாத சாதாரண ஆட்களை அழைத்து, அந்தத் தன்னார்வலர்களின் வாயில் ஊதச் சொன்னார். தலையைப் பின்னுக்குச் சாய்த்துத் தாடையை முன்னுக்குத் தள்ளினால் நாக்கு விலகி வழி திறக்கும், வாயோடு வாய்வைத்து ஊதினால் போதிய காற்று போகும் என்பது அப்படித்தான் நிரூபணமானது. இன்று இப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. ஆனால் அவர் பார்த்தது நெருக்கடி நேரத்து உண்மையை: மூச்சற்ற உடல் ஒன்று, அதைத் தொட்டுப் பழகாத கை ஒன்று. இரண்டும் சந்திக்கும்போது என்ன நடக்கிறது?

இந்தச் செய்தி நார்வேயின் ஸ்டவாங்கரில் பொம்மை செய்துகொண்டிருந்த ஓஸ்முண்ட் லேர்டாலை எட்டியது. மென்மையான பிளாஸ்டிக்கில் குழந்தைப் பொம்மைகள் செய்து பெயர் வாங்கியவர். தன் சிறு மகன் நீரில் மூழ்கி மயிரிழையில் பிழைத்ததைக் கண்ணால் கண்டவர். மயக்கவியல் நிபுணர் பியோர்ன் லிண்டும் சஃபாரும் சொன்னதைக் கேட்டு அவர் 1960இல் செய்த ஆளுயரப் பொம்மைதான் ரிசஸி ஆன். ஸேன் நதியில் மூழ்கி இறந்த பெயர் தெரியாத பெண்ணுடையது என்று ஐரோப்பாவெங்கும் வீடுகளில் மாட்டிவைக்கப்பட்டிருந்த ஒரு முகவார்ப்பைப் பார்த்து அதன் முகம் வடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கோவன்ஹோவனும் கூட்டாளிகளும் நெஞ்சைத் திறக்காமல் மேலிருந்தே அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கலாம் என்று அறிவித்தார்கள். பொம்மையின் நெஞ்சுக்குள் ஒரு சுருள்வில் வந்து சேர்ந்தது.

பொம்மையை வைத்துக் கைப்பழக்கம் தருவது மேற்கின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். சுசுருத சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. பூசணி, தர்ப்பூசணி, வெள்ளரியில் கீறிப் பழகு. நீர் நிரப்பிய தோல்பையில் குத்தித் திறந்து பழகு. இறந்த விலங்கின் ரத்தக்குழாயிலும் தாமரைத் தண்டிலும் நாளம் திறந்து பழகு. துணியால் செய்த ஆளுருவில் கட்டுப் போட்டுப் பழகு. சாத்திரம் முழுக்கப் படித்திருந்தாலும் இந்தப் பழக்கம் இல்லாதவன் தொழிலுக்குத் தகுதியற்றவன் என்பது அந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு. 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் மருத்துவச்சி மதாம் து கூத்ரே துணியாலும் தோலாலும் ஆன இடுப்பும் குழந்தையும் செய்து, அரச ஆணையோடு ஊர் ஊராகப் போய்க் கிராமப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். ஆக, முதல் தவறு உயிருள்ள உடலில் நடந்துவிடக் கூடாது என்ற கவலை பழையது.

அந்தக் கவலைக்குப் பொம்மை எவ்வளவு தூரம் மருந்தாகிறது? மூச்சுக்குழாயில் ட்யூப் போடும் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் கருவியை இடது கையில் பிடிக்க வேண்டும், நீங்கள் வலக்கைக்காரராக இருந்தாலும். வாயின் வலது ஓரமாக நுழைந்து, நாக்கை இடப்பக்கம் ஒதுக்கி, நாக்கின் அடிப்பள்ளத்தில் பிளேடின் நுனியை உட்காரவைத்து, கைப்பிடி காட்டும் திசையில் முன்னோக்கித் தூக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். மணிக்கட்டை மடக்கிப் பின்பக்கமாக நெம்புகிறார்கள், கடப்பாரை போட்டுக் கல்லைப் பெயர்ப்பதுபோல. மேல்வரிசைப் பல் அந்த நெம்புகோலுக்குத் தாங்குகல் ஆகிவிடுகிறது. நல்ல பொம்மை அப்போது 'கடக்' என்று ஒலியெழுப்பும். பயிற்றுநர் வாயைத் திறக்கவே வேண்டாம், மாணவர் கை தானாக நிற்கும். இருபது முறை 'கடக்' கேட்ட கை இருபத்தோராவது முறை நெம்பாது. இவ்வளவும் பொம்மையின் கொடை.

ஆனால் பொம்மையின் வாயில் எச்சில் இல்லை. வாந்தி இல்லை, ரத்தம் இல்லை. நாக்கு ரப்பர் விறைப்போடு ஒரே இடத்தில் இருக்கும். ட்யூப் வழுக்கிப் போவதற்குப் பயிற்றுநர் ஸ்ப்ரே அடித்துவைத்திருப்பார். குரல்நாண்கள் படத்தில் போட்டதுபோல வெள்ளையாகத் தெரியும். மேலும், பொம்மை எப்போதும் இடுப்புயர மேசைமேல்தான் படுத்திருக்கும். அதுதான் பெரிய பொய். சாலையோரத்தில் நோயாளி தரையில் கிடப்பார், பார்க்க வேண்டிய கண் முழந்தாளிட்டுக் குனிந்தாலும் உயரம் சரிவராது. ஊர் கூடிநிற்கும். ஒருவர் தண்ணீர் கொடு என்பார், இன்னொருவர் செல்ஃபோனை நீட்டிப் படம் எடுப்பார்.

எத்தனை உயிருள்ள தொண்டைகளைப் பார்த்த பிறகு கை நம்பத்தக்கதாகிறது? மயக்கவியல் பயில வந்த இளம் மருத்துவர்களைப் பின்தொடர்ந்து 1998இல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணிப் பார்த்தது. பத்தில் ஒன்பது முறை வெற்றி என்ற நிலையை எட்ட, சராசரியாக 57 முயற்சிகள் தேவைப்பட்டன. அதுவும் வெளிச்சம், உதவியாளர், வெறும் வயிற்றோடு வந்த நோயாளி எல்லாம் அமைந்த தியேட்டரில். அதே 1998இல் அமெரிக்கத் தேசியப் பாடத்திட்டம் பாராமெடிக் மாணவருக்கு, அதாவது ஆம்புலன்ஸில் சிகிச்சை தரப் பயில்பவருக்கு, பரிந்துரைத்த எண்ணிக்கை ஐந்து. ஐந்துக்கும் ஐம்பத்தேழுக்கும் நடுவே உள்ள இடைவெளியை யாரோ ஒருவர் தம் தொண்டையால் நிரப்பத்தானே வேண்டும்? ஐந்துகூடக் கிடைப்பது அரிதாகிவிட்டது. தியேட்டரில் மயக்க மருத்துவர்கள் ட்யூபுக்குப் பதிலாகக் குரல்வளை முகமூடியைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். மிச்சமிருந்த வாய்ப்புக்கு மருத்துவ மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் வரிசையில் நின்றார்கள். வழக்கு வருமோ என்ற பயம் வேறு. பாராமெடிக் மாணவர் வரிசையின் கடைசியில்.

விளைவு 2001இல் புள்ளிவிவரமாக வெளியானது. ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில், களத்தில் பாராமெடிக்குகள் ட்யூப் போட்டுக் கொண்டுவந்த 108 நோயாளிகளை அவசரப் பிரிவின் வாசலிலேயே பரிசோதித்தார்கள். 27 பேருக்கு ட்யூப் தவறான இடத்தில் இருந்தது, அதில் பெரும்பாலானவை உணவுக்குழாயில். மூச்சு நுரையீரலுக்குப் போகிறது என்று நம்பி வழியெல்லாம் வயிற்றுக்குள் காற்றடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். பயிற்சி போதாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அதே பகுதியில் 2005இல் வந்த அடுத்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. வெளிமூச்சின் கரியமில வாயுவைத் தொடர்ந்து அளக்கும் கருவியைப் பயன்படுத்தியவர்களிடம் கவனிக்கப்படாத தவறு ஒன்றுகூட இல்லை. பயன்படுத்தாதவர்களிடம் 23 சதவீதத்துக்கு மேல். கை தவறலாம். தவறியது உடனே தெரிந்துவிட்டால் ட்யூபை உருவிவிட்டு, முகமூடியோடு கையால் பிழியும் ஆம்பு பேக்கால் காற்றுக் கொடுத்து நோயாளியைக் காப்பாற்றிவிடலாம். மூச்சலையின் கோடு திரையில் எழும்பாவிட்டால் உன் கண்ணை நம்பாதே என்பதும் கைப்பயிற்சியின் ஒரு பாடம்தான். அதைத் தன்மானம் படிக்கவிடாது.

2018இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஏர்வேஸ்-2 ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோன 9,296 பேர், 1,523 பாராமெடிக்குகள். ஒரு பாதியினர் மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போட்டார்கள். மறுபாதியினர் குரல்வளைமேல் கண்ணால் பார்க்காமலே பொருத்திவிடக்கூடிய ஐ-ஜெல் வைத்தார்கள். மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போதோ முப்பதாம் நாளிலோ நல்ல நிலையில் இருந்தவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழ சமம்: ட்யூபில் 6.8 சதவீதம், ஐ-ஜெல்லில் 6.4. குழந்தைகளுக்கு இதற்கு முன்பே விடை கிடைத்திருந்தது. கலிபோர்னியாவில் 830 குழந்தைகளிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், ட்யூப் போட்டதால் ஆம்பு பேக்கைவிட அதிகமாக யாரும் பிழைக்கவில்லை. எந்தக் கையாலும் சில நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய வழி ஒன்று இருக்கையில், ஐம்பத்தேழு தொண்டை கேட்கும் வழியை ஐந்தே வாய்ப்பில் கற்பிப்பது ஏன்? பாராமெடிக்குகள் பலருக்கு இந்தக் கேள்வி பிடிக்காது. லாரிங்கோஸ்கோப் அவர்கள் தொழிலின் அந்தஸ்துச் சின்னம், அதைப் பிடுங்குவது பதவியிறக்கம் போலிருக்கிறது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு.

வாய்ப்புப் பற்றாக்குறைக்கு மருத்துவ உலகம் நெடுங்காலம் ஓர் இரகசிய விடை வைத்திருந்தது: அப்போதுதான் இறந்தவரின் உடல். உயிர்ப்பிக்கும் முயற்சி தோற்று, மருத்துவர் நேரத்தைக் குறித்த பிறகு, திரைச்சீலையை இழுத்துவிட்டு இளையவர்கள் ஒவ்வொருவராக ட்யூப் போட்டுப் பார்ப்பார்கள். வெளியே பெஞ்சில் குடும்பம் உட்கார்ந்திருக்கும். உடலுக்குக் கெடுதல் ஒன்றுமில்லை, நாளை வேறொருவர் பிழைப்பார் என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். கேட்காமல் செய்யக் கூடாது என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2000களின் தொடக்கத்தில் நெறி வகுத்தது. கேட்பது கடினம்தான், அழுதுகொண்டிருப்பவரிடம் எந்த வாயால் கேட்பது? அதற்காக, ட்யூப் போடக் கற்கும் கை கேட்கவும் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று ஆகிவிடாது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே முதலில் பெயரிலேயே ஒரு குழப்பம். 'பாராமெடிக்கல் படிக்கிறாள்' என்றால் லேப் டெக்னீஷியன், டயாலிசிஸ், எக்ஸ்ரே என்று எதுவாகவும் இருக்கலாம். ஆம்புலன்ஸில் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து வருபவரை நாம் 'ஈ.எம்.டி.' என்கிறோம், அரசுச் செய்திக்குறிப்பு 'மருத்துவ உதவியாளர்' என்கிறது, சனம் 'நூத்தியெட்டுல வர்ற தம்பி' என்கிறது. 2021இல் வந்த இணை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டம்தான் இந்தத் தொழிலுக்கு நாடளவில் ஒரு பெயர்ப்பலகை மாட்டியது. 108 சேவை இங்கே 2008 செப்டம்பரில் தொடங்கியது. செவிலியப் பட்டம், பட்டயம் பெற்றவர்களும் உயிரியல் சார்ந்த பட்டதாரிகளும் மருத்துவ உதவியாளர் வேலைக்கு எடுக்கப்படுகிறார்கள். ஆள்சேர்ப்பு முகாம் அறிவிப்புகள் தேர்வானவர்களுக்கு 50 நாள் பயிற்சி என்று சொல்கின்றன: வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் மூன்றும் சேர்த்து.

ஐம்பது நாள். செவிலியம் படித்து வந்தவருக்கு வென்ஃப்ளான் என்ற ரத்தநாள ஊசிக்குழாயைப் போடும் கை ஏற்கெனவே இருக்கும்: ரத்தநாளத்தைத் தடவிக் கண்டுபிடிப்பது, ஊசியைத் தாழ்வான கோணத்தில் இறக்குவது, பின்னால் ரத்தம் எட்டிப்பார்த்ததும் ஊசியை நிறுத்திப் பிளாஸ்டிக்கை மட்டும் முன்னே தள்ளுவது. விலங்கியல் படித்தவருக்கு அது அன்றுதான் முதல்முறை. இரண்டு பேரும் ஒரே வகுப்பில். இந்த வேற்றுமையைக் கணக்கில் எடுக்காத பாடத்திட்டம் ஒருவருக்குச் சலிப்பையும் மற்றவருக்கு நடுக்கத்தையும்தான் தரும். நம் செவிலியப் பயிற்சிகளில் செயல்முறைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. இத்தனை ஊசி, இத்தனை பிரசவம் என்று கட்டம் கட்டமாகக் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் அந்தக் கட்டங்கள் எப்படி நிரம்புகின்றன என்பது அந்தத் துறையில் இருந்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் ஆம்புலன்ஸ்களில் ட்யூபைவிட அடிக்கடி சோதிக்கப்படும் கைவேலை பிரசவம். இதற்கான பயிற்சிப் பொம்மை வெறும் இடுப்பும் வயிறும்தான். உள்ளே ஒரு ரப்பர் குழந்தை, தொப்புள்கொடியோடு. பயிற்றுநர் பின்னாலிருந்து குழந்தையைத் தள்ளுவார். தலை வெளியே வரும்போது இழுக்காதே, தாங்கு, கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார், தோள் திரும்பட்டும் பொறு. வந்ததும் துடை. பதமாகத் தேய்த்துத் துடைப்பதே பல குழந்தைகளுக்கு முதல் அழுகையைக் கொண்டுவந்துவிடும். அழாவிட்டால் சின்ன முகமூடி, நிமிடத்துக்கு நாற்பது முதல் அறுபது பிழி. பிறகு தாய்: கருப்பை கல்லாக இறுகியிருக்கிறதா, மாவாக இளகிக் கிடக்கிறதா என்று வயிற்றின்மேல் கைவைத்துப் பார்.

பொம்மையில் கற்க முடியாத பாடம் இங்கேயும் உண்டு, அது வண்டியை நிறுத்துவது. தலை தெரிய ஆரம்பித்துவிட்டால் மருத்துவமனைக்குப் பறப்பதில் பயனில்லை. வேகத்தடையில் தூக்கிப்போடும் வண்டியில் குழந்தையைப் பிடிப்பது கை வழுக்கும் வேலை. "பைலட் அண்ணா, ஓரங்கட்டுங்க" என்று ஓட்டுநரிடம் உரக்கச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயதில், வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரத்தில், "ஏன்மா நிறுத்துறீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று மாமியார் கத்தும்போது, ஒரு கையில் செல்ஃபோனில் கட்டுப்பாட்டு மைய மருத்துவரைப் பிடித்துக்கொண்டு, அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அதை யாராவது கூடவந்து காட்டினால்தான் வரும். முதல் சில வாரங்கள் அனுபவப்பட்ட ஒருவருடன் வண்டியில் போவதுதான் ஐம்பது நாளின் மிகப் பெறுமதியான பகுதி என்பது என் எண்ணம். வண்டி போதவில்லை, ஆள் போதவில்லை என்றால் முதலில் வெட்டப்படுவதும் அதுவாகவே இருக்கும்.

கற்றது நிற்பதுமில்லை. நெஞ்சழுத்தம் எல்லாவற்றிலும் எளிய கைவேலை: 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சை முழுக்க மேலெழ விடு. அதையே சில மாதங்களில் கை மறந்துவிடுகிறது என்று ஆய்வுகள் ஒரே குரலில் சொல்கின்றன. ஆழம் குறைகிறது, களைத்த கை நெஞ்சின்மேல் சாய்ந்தே கிடக்கிறது. ஆண்டுக்கொருமுறை ஒரு நாள் முழுக்க வகுப்பு வைப்பதைவிட, நிலையத்து மூலையில் ஆழம் காட்டும் பொம்மை ஒன்றைப் போட்டுவைத்து, மாதம் ஒருமுறை ஷிஃப்ட் மாறும்போது இரண்டு நிமிடம் அழுத்தச் சொல்வது மேல்.

பிட்ஸ்பர்க்கில் சஃபார் ஆரம்பித்ததை 1970களின் நடுவில் நான்சி கரோலைன் என்ற இளம் மருத்துவர் எடுத்துக்கொண்டார். ஃப்ரீடம் ஹவுஸின் மருத்துவ இயக்குநரான அவர் அலுவலகத்தில் உட்காரவில்லை, வண்டியில் ஏறிக் கூடவே போனார். அங்கே உருவான பாடங்கள் நாட்டின் பாராமெடிக் பாடத்திட்டத்துக்கு அடித்தளமாயின. 1979இல் அவர் எழுதிய பாடநூல் பல தலைமுறைகளுக்குக் கைநூலானது. ஆனால் 1975 அக்டோபர் 15 அன்று ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டு, நகராட்சியே சேவையை நடத்தத் தொடங்கியது. பழைய ஆட்களைச் சேர்த்துக்கொள்வதாக வாக்குறுதி இருந்தது. சேர்த்துக்கொண்டு, புதிதாகத் தேர்வுகள் வைத்தார்கள். அவர்களுக்குக் கற்பிக்கப்படாத பகுதிகளிலிருந்து கேள்விகள் வந்தன. பல ஆண்டு சாலையில் நின்ற கைகள் தாளில் தோற்றன. பலர் ஒதுக்கப்பட்டு வெளியேறினார்கள். தாக்குப்பிடித்தவர்களில் ஒருவர் ஜான் மூன். அவர் மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் ஊழியராக இருந்தவர். சீருடை அணிந்த இரண்டு கறுப்பின ஆண்கள் ஒரு நோயாளியோடு நுழைந்து, அங்கே எல்லோரும் அவர்கள் சொல்வதைக் கேட்பதைப் பார்த்து, அந்த வேலைக்கு வந்தவர். 2009இல் நகர அவசர மருத்துவச் சேவையின் உதவித் தலைவராக ஓய்வு பெற்றார்.